பனி மறைத்த கண்ணாடி



மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதுகின்றனர். வண்டி எங்ஙனம் ஓடியது, எத்துணை வேகமாக ஓடியது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்பவற்றை விரிவாகக் கூறுகின்றனர். ஓட்டுபவர் எதிரில் உள்ளதை எங்ஙனம் கண்டார் என்னும் செய்தி அந்நூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். பாதை தெரியாமல் வண்டியைச் செலுத்த முடியாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் குளிர்நாடுகளில் பல ஆண்டுகள், மழையும் பனியும் பெய்த நாள்களில், வண்டியோட்டிகள் அரைப் பார்வையோடுதான் வண்டிகளைச் செலுத்தி வந்தனர். அவர்கள் பார்வையை மறைத்தது வேறொன்றும் அன்று. அவர்களைக் காற்றிலிருந்து காப்பதற்கென்று வைத்த முன்கண்ணாடியே அது. அக்கண்ணாடியில் படியும் பனியை அகற்ற மக்கள் செய்த முயற்சிகளைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன்.

நமக்கு இது சற்றே அயலான செய்திதான். நம் சமவெளியில் கார்க் கண்ணாடிக்கு மழையும் புழுதியுமே பகை. நீலகிரியில் மட்டும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் உதகைக்குச் சென்றால், புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியது போல் வெண்மையாய் இருப்பதையும், வெளியில் நிறுத்திய கார்களின் கூரையிலும் கண்ணாடியிலும் உறைபனி படிந்திருப்பதையும் காணலாம். உதகையில் வெயில் ஏறியதும் அது கரைந்துவிடுகிறது. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் கரைவதில்லை. அங்கே அலுவலகம் செல்பவர் காலையில் வீட்டைவிட்டு வெளியே வந்ததும், காரின் கண்ணாடியைப் பனிக்கட்டி ஓடுபோல் மூடியிருக்கக் காண்கிறார். தட்டையான பிளாஸ்டிக் சுரண்டியை எடுத்துக்கொண்டு, கையுறை அணிந்த கையால், கண்ணாடியைக் கரகரவென்று சுரண்டத் தொடங்குகிறார். ஐந்து நிமிடமும் ஆகும், பதினைந்து நிமிடமும் ஆகும். தெரு முழுவதும் அந்த ஓசையே கேட்கும். அங்கே குடியேறி வாழும் நம்மவரைக் கேட்டுப் பாருங்கள். முதல் குளிர்காலத்தில் அவர்கள் கற்ற முதற் பாடங்களுள் இதுவும் ஒன்றாக இருக்கும்.

இப்பனி எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து விழுந்தது என்று பலர் எண்ணுகின்றனர். பெய்யும் பனியும், மழையும் பனியும் கலந்து பொழியும் ஈரப்பனியும் வானத்திலிருந்து வருவன என்பது உண்மையே. ஆனால் மேகமே இல்லாத தெளிந்த இரவிலும் கண்ணாடியில் உறைபனி படிகிறது. அதுமட்டுமன்று, காற்றின் வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதும் படிகிறது. நீர் 0 டிகிரியில்தானே உறைய வேண்டும்? 3 டிகிரிக் காற்றில் கண்ணாடிமேல் மட்டும் எப்படி உறைகிறது?

இதற்கு விடை கண்டவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 1757-இல் பிறந்து, லண்டனில் மருத்துவம் செய்து வாழ்ந்தவர். லண்டன் அருகே ஒரு தோட்டத்தில், இரவு நேரங்களில், நிறுத்த கம்பளிப் பஞ்சுத் துணுக்குகளை அங்கங்கே வைத்துவிட்டு, விடியுமுன் மீண்டும் நிறுத்துப் பார்த்தார். ஒரு பலகையைக் கால்கள் கொடுத்து நிறுத்தி, அதன் மேலே ஒரு துணுக்கையும் கீழே ஒரு துணுக்கையும் வைத்தார். திறந்த வானத்தை நோக்கி மேலே இருந்ததில் பனிநீர் மிகுதியாகச் சேர்ந்தது. பலகைக்கு அடியில் இருந்ததில் குறைவாகவே சேர்ந்தது. வானத்திலிருந்து விழுவதன்று பனிநீர் என்றும், வானை நோக்கியிருக்கும் பொருள்கள் தம் வெப்பத்தைக் கதிர்வீச்சால் இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன என்றும், அக்குளிர்ந்த பரப்பில் காற்றிலுள்ள நீராவி படிகிறது என்றும் அவர் நிறுவினார். பனிநீரைப் பற்றிய அவருடைய நூல் 1814-இல் வெளிவந்தது. கதிர்வீச்சால் குளிர்ந்த பரப்பு 0 டிகிரிக்குக் கீழே போய்விட்டால், படிவது நீர்த்துளியாக அல்லாமல் உறைபனியாகிறது. சாய்ந்து வானைப் பார்த்துக்கொண்டிருக்கும் கார்க் கண்ணாடி இதற்கு மிகவும் ஏற்ற இடம்.

வெல்ஸ் தம் நூலில் நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் எடுத்து ஆராய்ந்தார். 18-ஆம் நூற்றாண்டில் அலகாபாத்திலும் கல்கத்தாப் பக்கத்திலும் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி செய்தனர். வெட்டவெளியில் ஆழம் குறைந்த பள்ளம் தோண்டி, அதில் உலர்ந்த கரும்புத் தட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் ஆழமற்ற மண் தட்டுகளை வரிசையாக வைத்து, கொதித்து ஆறிய நீரை மாலையில் ஊற்றிவிடுவர். சூரியன் எழுமுன் வந்து பார்த்தால் தட்டுகளில் பனிக்கட்டி இருக்கும்! இதனை நேரில் கண்ட சர் ராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1775-இல் லண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதி அறிவித்தார். இயற்கையில் பனிக்கட்டி காண இயலாத ஊரில் எழுத்தறியாத் தொழிலாளர் செய்த இவ்வேலைக்கும், இன்று பெர்லினிலோ டொராண்டோவிலோ தெளிந்த இரவில் ஒரு கார்க் கண்ணாடியில் நிகழ்வதற்கும் அடிப்படை ஒன்றே. மரத்தடியில் நிறுத்திய காரில் உறைபனி குறைவாகவும், வெளியில் நிறுத்தியதில் மிகுதியாகவும் இருப்பதன் காரணமும் இப்போது விளங்கும். மரக்கிளை அந்தக் காருக்கு வெல்ஸின் பலகையாகிறது. இரவில் கண்ணாடிமேல் ஓர் அட்டையையோ துணியையோ போர்த்திவைக்கும் வழக்கமும் இதனால்தான்.

இனி வண்டிக்கு வருவோம். தொடக்க காலத்து மோட்டார் கார்களில் முன்கண்ணாடியே இல்லை. காற்றும் புழுதியும் முகத்தில் மோத, மூக்குக்கண்ணாடி போன்ற பெரிய காப்புக்கண்ணாடியும் தோற்கோட்டும் அணிந்துகொண்டு ஓட்டினர். அந்நாளில் கார் என்பது கோடைகாலத்துச் செல்வர் விளையாட்டு. பனிக்காலம் வந்ததும் அதனைக் கொட்டகையில் ஏற்றிவிடுவர். எனவே பனி முதலில் தொல்லை கொடுத்தது கார் ஓட்டியவர்க்கு அன்று, ஆண்டு முழுவதும் ஓடியே தீரவேண்டிய டிராம் வண்டியை ஓட்டியவர்க்கே.

அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கியபோது, வண்டியோட்டி முன்னால் திறந்த மேடையில் நின்றுகொண்டுதான் ஓட்டினார். குதிரை டிராம் காலத்து வழக்கம் அது. ஆனால் குதிரையைவிட மின்சாரம் வேகமானது. உறையும் குளிரில், அவ்வேகத்தில் எழும் காற்றில், பல மணி நேரம் நிற்பது எத்தகைய துன்பம் என்பதை எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் முறையிட்டனர். 1890-களில் பல மாநிலங்கள், குளிர்காலத்தில் ஓட்டியின் மேடையைக் கண்ணாடியால் அடைத்துத் தரவேண்டும் என்று சட்டம் செய்தன. நல்ல சட்டம்தான். ஆயினும் அந்த நன்மையினின்றே ஒரு புதிய இடர் பிறந்தது. ஈரப்பனி பொழியும் நாளில் அக்கண்ணாடி சில நிமிடங்களில் மூடிக்கொண்டது. எதிரே ஆள் வருகிறானா, வண்டி வருகிறதா என்பது தெரியவில்லை. உடலைக் காத்த கண்ணாடி கண்ணைக் கட்டிவிட்டது.

வண்டியோட்டிகள் தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தனர். வெங்காயத்தையோ காரட்டையோ நறுக்கிக் கண்ணாடியில் தேய்த்தால் நீர் ஒட்டாது என்று நம்பி அவ்வாறு செய்தவர்கள் உண்டு என்பர். சிலர் வண்டியை நிறுத்தி, இறங்கிக் கையால் துடைத்தனர். பிறர் கண்ணாடிக் கதவையே திறந்துவிட்டு, பழைய திறந்த மேடைக் காலத்துக்குத் திரும்பியவர்போல், பனிக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டினர்.

அப்படி ஓட்டிய ஒருவரை 1902-03 குளிர்காலத்தில் நியூயார்க் நகரில் ஒரு பெண்மணி கண்டார். அவர் பெயர் மேரி ஆண்டர்சன். அலபாமா மாநிலத்தில் 1866-இல் பிறந்தவர். தந்தை இறந்தபின் தாயோடும் சகோதரியோடும் பர்மிங்காம் நகரில் குடியேறி, அங்கே அடுக்குக் குடியிருப்பு ஒன்றைக் கட்டி நடத்தியவர்; இடையில் சில ஆண்டுகள் கலிபோர்னியாவில் மாட்டுப் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் மேற்பார்த்தவர். பொறியியல் படித்தவர் அல்லர். பனி அரிதாகப் பெய்யும் தென்மாநிலத்தவர். நியூயார்க்கைச் சுற்றிப் பார்க்க வந்தவர், டிராமில் அமர்ந்து, முன்கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியவரைக் கண்டு வியந்தார். அந்நகரத்தவர் நாள்தோறும் கண்டு பழகிப்போன காட்சி அது. பழகியவர் கண்ணுக்குப் படாதது புதிதாக வந்தவர் கண்ணுக்குப் பட்டது.

ஊர் திரும்பிய ஆண்டர்சன் அம்மையார் ஒரு கருவிக்கு வரைபடம் அமைத்தார். வண்டியின் உள்ளே ஒரு கைப்பிடி. கண்ணாடிக்கு வெளியே ரப்பர் விளிம்பு கொண்ட ஒரு நீண்ட கை. இரண்டையும் இணைக்கும் ஒரு தண்டு. ஓட்டுபவர் உள்ளிருந்தபடியே பிடியைத் திருப்பினால், வெளியே உள்ள கை கண்ணாடியை வழித்துக்கொண்டு போகும். விட்டால் வில்லின் விசையால் பழைய இடத்திற்குத் திரும்பும். ரப்பர் கண்ணாடியோடு அழுந்தியிருக்க ஓர் எதிர் எடையும் வைத்தார். வெயில் காலத்தில் முழுவதையும் கழற்றிவிடலாம். 1903-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள் 743801 என்னும் எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. உரிமைக் காலம் 17 ஆண்டுகள்.

1905-இல் அவர் தம் உரிமையைக் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து நிறுவனம் ஒன்றுக்கு விற்க முன்வந்தார். வாங்கி விற்கும் அளவுக்கு இதில் வணிக மதிப்பு இல்லை என்று அந்நிறுவனம் மறுத்துவிட்டது. மாண்ட்ரியல் எத்தகைய பனி ஊர் என்பதை அறிந்தவர்க்கு இம்மறுப்பு நகைப்பைத் தரும். பிறரும் வாங்க முன்வரவில்லை. காசு கைக்கு வராமலே 1920-இல் காப்புரிமைக் காலம் முடிந்தது.

இங்கே சற்று நின்று ஆராய வேண்டும். அம்மையார் பெண் என்பதால்தான் அவர் கருவியை ஏற்கவில்லை என்று இக்காலத்தில் பலர் எழுதுகின்றனர். அக்காலத்தில் பெண்களுக்கு வணிக உலகின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை என்பதில் ஐயமில்லை; அமெரிக்கப் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கும் சட்டத் திருத்தமே 1920-இல்தான் வந்தது. ஆயினும் ஒரே காரணத்தை எடுத்துக்கொண்டு வரலாற்றை முடித்துவிடுவது மாணவருக்கு அழகன்று. அதே காலத்தில் இதே முயற்சியில் ஈடுபட்ட ஆடவர் நிலை என்னவாயிற்று என்றும் பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் வடகிழக்கே கிளாட்ஸ்டன் ஆடம்ஸ் என்றொரு புகைப்படக் கலைஞர் இருந்தார். கால்பந்தாட்டத்தில் தீராத ஆர்வம் உடையவர். 1908-ஆம் ஆண்டு ஏப்ரலில், இங்கிலாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நியூகாசில் அணி ஆடுவதைக் காண, தம் டராக் காரில் லண்டன் சென்றார். நியூகாசில் 3-1 என்று தோற்றது. அது போதாதென்று திரும்பும் வழியெல்லாம் பனி பொழிந்தது. ஏப்ரல் கடைசியில், வசந்தகாலத்தில், எதிர்பாராத பெரும்பனி! கண்ணாடி மூடிக்கொள்ளும், அவர் காரை நிறுத்தி இறங்கித் துடைப்பார், சிறிது தொலைவு செல்வதற்குள் மீண்டும் மூடிக்கொள்ளும். அந்தப் பயணத்தில் பிறந்த எண்ணத்தை 1911-இல் அவர் காப்புரிமையாகப் பதிந்தார். அவருடைய துடைப்பானும் அவர் பெயரால் தொழிற்சாலையில் பெருகவில்லை. அவர் செய்த மாதிரி நியூகாசில் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் இடம்பெற்றது.

ஜெர்மனியிலோ இம்முயற்சியில் இறங்கியவர் ஓர் இளவரசர். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் தம்பியான பிரஷ்ய இளவரசர் ஹைன்ரிக், கடற்படைத் தலைவர், கார் ஓட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர். கையால் இயக்கும் துடைப்பானுக்கு 1908-இல் உரிமை பெற்றார். பேரரசரின் தம்பி உரிமை பெற்ற பின்னும் உலகத்துக் கார்கள் மேலும் பல ஆண்டுகள் துடைப்பான் இன்றியே ஓடின. ஆக, அலபாமாவின் பெண்மணிக்கும், வட இங்கிலாந்தின் புகைப்படக்காரருக்கும், பிரஷ்யாவின் இளவரசருக்கும் ஏறத்தாழ ஒரே விதி நேர்ந்தது. இதற்குப் பொதுவானதொரு காரணம் இருந்தாக வேண்டும்.

அக்காரணத்தை எண்ணிக்கைகள் காட்டுகின்றன. ஆண்டர்சன் அம்மையார் உரிமை பெற்ற 1903-இல் அமெரிக்கா முழுவதிலும் பதிவான மோட்டார் கார்கள் ஏறக்குறைய 33,000. அவர் உரிமை முடிந்த 1920-இல் அத்தொகை 80 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அதனினும் முக்கியமானது காரின் உடலமைப்பு. 1919-இல்கூட அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களுள் பத்தில் ஒன்றே மூடிய கார். மற்றவையெல்லாம் துணிக்கூரை போட்ட திறந்த கார்கள். அவற்றில் கண்ணாடியை மடித்துச் சாய்த்துவிட்டு அதன் மேலாகப் பார்த்து ஓட்டலாம். 1927-க்குள் நிலை தலைகீழாக மாறிற்று. பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை மூடிய கார்களாயின. நான்கு புறமும் அடைத்த காரில் கண்ணாடியை மடிக்க இயலாது. அதன் வழியாகத்தான் பார்த்தாக வேண்டும். அப்போதுதான் துடைப்பான் இன்றியமையாததாயிற்று. அம்மையாருக்கு நேர்ந்த பெருங்கேடு, அவர் காலத்தை முந்திக்கொண்டு வந்ததேயாகும். உலகம் துடைப்பானைத் தேடிய நாளில் அவர் கையிலிருந்த உரிமைச் சீட்டு வெறுங்காகிதமாகிவிட்டது. பெண் என்னும் தடையும் அதனோடு சேர்ந்திருக்கலாம். ஆனால் முதற்காரணம் காலமே என்பது என் கருத்து.

உரிய காலத்தில் வந்தவர் வேறொருவர். ஈரி ஏரிக்கரையில், பனிக்குப் பேர்போன பஃபலோ நகரில் ஜான் ஓய்ஷே என்பவர் வாழ்ந்தார். நாடகக்கொட்டகை நடத்தியவர். 1917-இல் ஒரு மழையிரவில் கார் ஓட்டிச் சென்றபோது, கண்ணாடி மறைத்ததால் மிதிவண்டியில் வந்த ஒருவரைக் காணாது மோதிவிட்டார். அடிபட்டவருக்குப் பெருந்தீங்கு இல்லை. ஓய்ஷேயின் உள்ளத்தில் மட்டும் அந்நிகழ்ச்சி ஆழப் பதிந்தது. அவ்வூரில் ஒருவர் செய்துவைத்திருந்த கைத்துடைப்பான் ஒன்றை விற்கத் தொடங்கினார். பின்னர் டிரைகோ என்று பெயர் பெற்ற அவர் நிறுவனம் துடைப்பான் தொழிலில் உலகப் புகழ் பெற்றது. அதே 1917-இல் சார்லட் பிரிட்ஜ்வுட் என்னும் அம்மையார் மின்சாரத்தால் இயங்கும் துடைப்பானுக்கு உரிமை பெற்றார். அது விலைபோகவில்லை.

கையால் இழுத்த துடைப்பானை அடுத்து எஞ்சினின் உறிஞ்சு விசையால் ஆடும் துடைப்பான் வந்தது. அதன் குணம் வேடிக்கையானது. மேட்டில் ஏறுவதற்காக விசையை அழுத்தினால் உறிஞ்சு விசை குறைந்துவிடும். துடைப்பான் களைத்தவன்போல் நடுவழியில் நின்றுவிடும். மழையில் மலையேறிய ஓட்டுநர், துடைப்பான் ஆடட்டும் என்று அவ்வப்போது காலை எடுத்துக்கொண்டே ஏறவேண்டியிருந்தது. இத்தகைய துடைப்பான்கள் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் 1970-களின் தொடக்கம் வரையிலும் இருந்தன.

ஆனால் துடைப்பான் ஒன்றே பனியை வென்றுவிடவில்லை. ஓடும் வண்டியில் விழும் ஈரப்பனியை, அது இறுகுமுன் வழித்தெறிவது அதன் வேலை. இரவெல்லாம் உறைந்து கல்லாய் இறுகிய பனியின்மேல் அதனை ஆட்டினால் ரப்பர்தான் கிழியும். அல்லது, ரப்பரே கண்ணாடியோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தால், அதனை ஆட்டும் மோட்டார் எரியும். இறுகிய பனிக்கு மருந்து வெப்பம். எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை, பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பத்தைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் ஒரு மில்லிமீட்டர் கனத்திற்குப் பனிக்கட்டி படிந்திருப்பதாகக் கொள்வோம். அதன் நிறை ஏறத்தாழ 900 கிராம். 0 டிகிரியில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி, வெப்பநிலை சிறிதும் உயராமல், நீராக மாறுவதற்கு மட்டும் 80 கலோரி வேண்டும். ஆகவே மொத்தம் 72,000 கலோரி. அதே அளவு நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் வெப்பம் இது! 500 வாட் மின்சூடேற்றி ஒன்றைக் கொண்டு, வெப்பம் சிறிதும் வீணாகாது எனக் கொண்டாலும், பத்து நிமிடம் ஆகும். ஒரு மெல்லிய படலத்திற்கு இத்துணைச் செலவு. சுரண்டியோ பனிக்கட்டியை நீராக்குவதில்லை. உடைத்து உதிர்க்கிறது, அவ்வளவே. எத்தனையோ கருவிகள் வந்தும், சில காசு விலையுள்ள சுரண்டி இன்றுவரை மறையாததற்கு இதுவே காரணம்.

வெப்பத்தைக் கொண்டுவந்தவர் கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், எஞ்சினின் வெப்பத்தை வாங்கிச் சூடாகிறது. அந்த வெந்நீரின் சூட்டைக் காற்றில் ஏற்றி, காற்றைக் கண்ணாடியின் உட்புறத்தில் ஊதும் அமைப்பு 1930-களில் கார்களில் பரவியது. நல்ல ஏற்பாடுதான், ஒரு குறை உண்டு. கண்ணாடி மிகுதியாக உறைந்திருக்கும் காலை வேளையில் எஞ்சினும் குளிர்ந்தே இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, உயரத்தில் பறக்கும் விமானங்களின் கண்ணாடியில், மின்சாரம் பாயக்கூடிய கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சைப் பூசிச் சூடேற்றும் முறை வந்தது. கார்களுக்கு இவ்வசதி வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. 1985-இல் ஃபோர்டு நிறுவனம் ஐரோப்பாவில் விற்ற கார்களில், முன்கண்ணாடியின் இரு அடுக்குகளுக்கு இடையே மயிரிழையினும் மெல்லிய கம்பிகளைப் பதித்து, மின்சாரத்தால் சூடேற்றினர். இதன் நுட்பம் என்னவெனில், பனிக்கட்டி முழுவதையும் கரைக்க வேண்டுவதில்லை. கண்ணாடியை ஒட்டிய ஒரு மெல்லிய ஏடு கரைந்தாலே போதும். மேலே உள்ள பனிக்கட்டி பிடிப்பை இழந்து வழுக்கிவிடும். மிச்சத்தைத் துடைப்பான் பார்த்துக்கொள்ளும்.

அவசரக்காரர் சிலர் கொதிநீரை எடுத்து ஊற்றுவர். அது பெருந்தவறு. கண்ணாடி வெப்பத்தை மெல்லவே கடத்தும். சுடுநீர் பட்ட மேற்பரப்பு விரியும். உட்புறம் குளிர்ந்து சுருங்கியே இருக்கும். இரண்டின் இழுபறியில் கண்ணாடி விரிசல் காணும். முன்னமே சிறு கல் பட்டு வடு ஏற்பட்ட கண்ணாடியானால் சொல்லவே வேண்டா. தெறிக்காமல் உதிராமல் விரிசலோடு நிற்கும் அடுக்குக் கண்ணாடியை நமக்குத் தந்தவர் எடுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். கீழே விழுந்த ஆய்வுக் குடுவை ஒன்று நொறுங்கியும் சிதறாமல் இருந்ததைக் கண்டு, அதனுள் உலர்ந்து படிந்திருந்த செல்லுலாய்ட் போன்ற ஏடே காரணம் என்று உணர்ந்தவர். அவர் 1909-இல் அதற்கு உரிமை பெற்றார்.

பனிக்கு மற்றொரு மருந்து நீரின் உறைநிலையைத் தாழ்த்தும் பொருள்கள். பனிக்கட்டியில் உப்பைக் கலந்தால் 0 டிகிரிக்குக் கீழும் அது உருகும் என்பது பழைய அறிவு. ஃபாரன்ஹீட் தம் வெப்பமானியின் சுழியத்தை இத்தகைய கலவை ஒன்றைக் கொண்டே குறித்தார். ஆனால் உப்பு இரும்பைத் தின்றுவிடும். காரின்மேல் அதனைக் கொட்டுவார் இல்லை. எனவே சாராயவகை நீர்மங்களையும் கிளைகாலையும் கலந்து தெளிக்கின்றனர். இவற்றுள் சில கொடிய நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டியவை.

இவ்வளவு இருந்தும், கண்ணுக்கு நேரே கையகல வட்டம் மட்டும் சுரண்டிக்கொண்டு, அதன் வழியே எட்டிப் பார்த்து ஓட்டுகிறவர் எல்லா நாட்டிலும் இருக்கின்றனர். பக்கத்திலிருந்து சாலையைக் கடக்கும் சிறுவன் அத்துளையில் தெரியமாட்டான். ஆகவேதான் பிரிட்டனின் சாலை விதிநூல், புறப்படுமுன் எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ள பனியை அகற்ற வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஜெர்மனியில் துளை வழியே பார்த்து ஓட்டினால் தண்டம் உண்டு. எஞ்சினை வீணே ஓடவிட்டு அதன் சூட்டில் பனி கரையட்டும் என்று காத்திருந்தாலும் அங்கே தண்டம் உண்டு. குளிரில் நின்று சுரண்டுவதைத் தவிர அந்நாட்டவருக்கு வேறு வழி அதிகமில்லை.

ஆண்டர்சன் அம்மையார் 1953-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டென்னசி மாநிலத்தில் தம் 87-ஆம் வயதில் காலமானார். அப்போது அமெரிக்கச் சாலைகளில் ஓடிய கோடிக்கணக்கான கார்களில் துடைப்பான்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றிலிருந்தும் அவருக்கு ஒரு காசு வந்ததில்லை. அமெரிக்கத் தேசிய கண்டுபிடிப்பாளர் மன்றம் 2011-இல் அவர் பெயரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இன்று வரும் கார்கள் பலவற்றில், ஓட்டுநருக்குத் துணையாகச் சாலையை நோக்கும் சிறு காமிரா ஒன்று முன்கண்ணாடியின் உட்புறத்தில், துடைப்பான் வழித்துச் செல்லும் வட்டத்துக்குள், பொருத்தப்பட்டிருக்கிறது. கண்ணாடியில் பனி மூடினால் அந்தக் காமிராவுக்கும் வழி தெரிவதில்லை. உடனே காரின் திரையில், கண்ணாடியைத் துடைக்குமாறு ஓட்டுநருக்கு ஓர் அறிவிப்பு வருகிறது.